அறை விழுவதற்கு மூன்று வாரம் முன்பு

மலேசிய இடைநிலைப்பள்ளியில் இரண்டு பெண்பிள்ளைகள் கட்டிப்புரண்டால், மறுநாள் விசாரிக்கப்படுவது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். யார் முதலில் கை வைத்தாள், யார் முடியைப் பிடித்தாள், யார் வீடியோ எடுத்தாள். கட்டொழுங்கு ஆசிரியர் நேர்மையாகத்தான் கேட்பார். ஆனால் பெண்பிள்ளைகளின் சண்டையில் அறை கடைசியாக வருவது. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஒருத்தியை வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்திருப்பார்கள். அவள் இல்லாத புதுக் குழு ஒன்று அன்றிரவே தொடங்கியிருக்கும். கேண்டினில் அவள் வந்து உட்கார்ந்ததும் மேசையே எழுந்து போயிருக்கும். இவையெல்லாம் யார் கணக்கிலும் வராது. அதனால், மூன்று வாரம் வதைபட்டவள் ஒருநாள் தாங்காமல் கையை ஓங்கும்போது ‘முதலில் அடித்தவள்’ என்ற பெயரும் தண்டனையும் அவளுக்கே போய்ச் சேர்வதுண்டு. பெற்றோரும் ஆசிரியர்களும் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

பகடிவதை, அதாவது புல்லி என்றதும் நமக்கு அடியும் பணம் பிடுங்குவதும்தான் தோன்றுகிறது. ஒதுக்குவது, வதந்தி கிளப்புவது, ‘அவகூட பேசினா எங்ககூட பேசாத’ என்று ஆள் பிரிப்பது ஆகியவையும் வன்முறையே என்று பின்லாந்து ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியிலேயே எழுதினார்கள். 1995-இல் அமெரிக்காவில் நிக்கி கிரிக், ஜெனிஃபர் குரோட்பீட்டர் இருவரும் இதை உறவுவழித் தாக்குதல் என்று பெயரிட்டு அளந்தார்கள். உறவையே ஆயுதமாக எடுப்பது என்று பொருள். அதன்பின் ‘பொம்பளப் பிள்ளைங்கன்னா இப்படித்தான், புறம் பேசும்’ என்று ஒரு வழக்கமான பேச்சு கிளம்பிவிட்டது. அது சரியல்ல. 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இந்த வகையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. கை நீட்டுவதில்தான் பையன்கள் தெளிவாக முன்னால் நிற்கிறார்கள். பெண்ணின் குணம் என்று ஒதுக்கிவிட்டால் தீர்க்கவும் வழியிருக்காது.

நம் ஊர் போன்ற இடங்களில் இது எப்படிச் சூடேறுகிறது என்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை எடுத்துக்கொள்ளுங்கள், பழையவர்களுக்கு இன்னும் அது பத்தாங் பெர்சுந்தைதான். சுங்கை சிப்புட், பாகாவ் பக்கமும் நிலைமை பெரிதாக வேறல்ல. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருப்பார்கள். ஒன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டுவரை அதே முகங்கள். அங்கே யார் தலைவி, யார் கூட வருபவள் என்பதெல்லாம் எப்போதோ முடிவாகியிருக்கும். இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அந்தப் பத்துப் பேரும் ஆளுக்கொரு வகுப்பாகச் சிதறுகிறார்கள். மலாய்மொழி போதாதவர்கள் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். நேற்றுவரை பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி நேராக முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள், இவள் புகுமுக வகுப்பு. அடுத்த ஆண்டு இவள் படிவம் ஒன்றுக்கு வரும்போது அவள் ‘சீனியர்’. ஆறு வருட நட்பு ஒரே வருடத்தில் மேல் கீழாகிறது. அந்த அவமானத்தைப் பிள்ளை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். முறைப்பாக வெளியே வரும். படிவம் ஒன்று, இரண்டில் வரும் சண்டைகளை விசாரிக்கும்போது, இருவரும் எந்தத் தமிழ்ப்பள்ளி, யார் புகுமுக வகுப்புக்குப் போனது என்று கேளுங்கள். பாதிக் கதை அங்கேயே கிடைக்கும்.

இரண்டாவது, தப்பிக்க இடமில்லை. பட்டணத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் பிரச்சினை என்றால் வீடு வேறு உலகம். இங்கே இருவருக்கும் ஒரே வேன், ஒரே லயத்து வரிசை அல்லது ஒரே அடுக்குமாடி, ஒரே கோயில், பாதி நேரம் மாமன் மச்சான் உறவு வேறு. தோட்டத்திலேயே இருப்பவளைத் ‘தோட்டத்துக்காரி’ என்று டவுனுக்கு மாறிப்போனவள் கிண்டலடிப்பதும் நடக்கிறது. அப்பாக்கள் இருவரும் ஒரே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர்களாக இருப்பார்கள்.

மூன்றாவது, காத்திருக்கும் நேரம். பள்ளி முடிந்து கடைசி வேன் வரும்வரை உள்ள அரை மணி, முக்கால் மணி நேரம். ஆசிரியர்கள் கிளம்பிவிடுவார்கள். காவலர் வாசலில் இருப்பார், பஸ் நிறுத்தம் அவர் கண்ணுக்குத் தெரியாது. கேண்டீன் பின்பக்கம், உடை மாற்றும் அறை, பெண்கள் கழிப்பறை எல்லாம் இடம்தான் என்றாலும், வீடியோ எடுத்துப் பரப்பப்படும் சண்டை பெரும்பாலும் பள்ளி வாசலைத் தாண்டித்தான் நடக்கும், ஏனென்றால் கைப்பேசி அங்கேதான் பையிலிருந்து வெளியே வரும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் செய்யக்கூடிய மிக மலிவான காரியம் இதுதான்: வேன் ஓட்டுநர்களிடம் பேசி நேரத்தை நெருக்குவது, கடைசி வேன் போகும்வரை ஒரு பெரியவர் அங்கே நிற்கும்படி வாரத்துக்கு ஐந்து பேர் முறை போட்டுக்கொள்வது. அவர் கண்டிக்க வேண்டியதில்லை, நின்றால் போதும்.

பிள்ளை வீட்டில் எதுவும் சொல்லமாட்டாள். ஆகவே உடம்பைப் பாருங்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது தண்ணீர்ப் புட்டி. காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வருகிறதா? வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறாளா? பள்ளிக் கழிப்பறைக்குள் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்று பொருளாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வந்தால் கட்டாயம் இதைக் கேளுங்கள். அடுத்து, வேனில் போகமாட்டேன், ஏத்திட்டுப் போங்க என்பது. புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி. கைப்பேசியைக் குப்புற வைப்பது, மணி அடித்தால் திடுக்கிடுவது. கைச்செலவுக் காசு போதவில்லை என்பது, ஆனால் பசியோடு வருவது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் உட்கார்ந்து பேசுங்கள்.

பேசும்போது ‘கண்டுக்காத, ஒதுங்கிப் போ’ என்று தொடங்காதீர்கள். அவள் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவள். ‘நீ என்ன பண்ணே?’ என்பதும் வேண்டாம். எப்போதிலிருந்து, யார் யார், கூட இருந்து பார்த்தது யார் என்ற மூன்றும் முதல் நாளுக்குப் போதும். பார்த்தது யார் என்பதுதான் பின்னால் மிகவும் உதவும்.

கோபம் வரும், நியாயமான கோபம். ஆனாலும் முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள், அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள், கோயில் குழுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். எந்த அம்மாவும் தன் மகளைப் பற்றிய முதல் செய்தியை எதிராளியிடம் கேட்டால் மகள் பக்கம்தான் நிற்பார். அன்று மாலைக்குள் இரண்டு குடும்பம், ஒரு வாரத்தில் இரண்டு தெரு. அதன்பிறகு பிள்ளைகள் சமாதானமாக நினைத்தாலும் முடியாது, வீட்டுக்குத் துரோகம் என்றாகிவிடும். சந்தித்தே ஆக வேண்டுமென்றால் பள்ளியில், கவுன்சலிங் டீச்சர் முன்னிலையில் சந்தியுங்கள்.

அந்த ஒரு நாளைச் சான்று சேர்க்கப் பயன்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் ‘எல்லாருக்கும் அழி’ என்பதை அனுப்பியவர் சுமார் இரண்டரை நாள் வரை செய்யலாம், ஸ்டோரி இருபத்துநான்கு மணி நேரத்தில் போய்விடும். படம் பிடிக்கும்போது ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள பேச்சு, தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். நம் கைப்பேசியில் ‘ஷாலு’ என்று பதிந்திருந்தால் அது யார் என்று யாருக்கும் நிரூபணம் ஆகாது, பெயரைத் தொட்டு எண் தெரியும் பக்கத்தையும் படம் எடுங்கள். குழு அமைப்பில் உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, முழுதாக எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். ஒருமுறை மட்டும் பார்க்கும் படம் வந்தால் திரைப்பிடிப்பு வேலை செய்யாது. இன்னொரு கைப்பேசியால் படம் எடுங்கள். டிக்டாக் என்றால் காணொளியின் இணைப்பையும் கணக்கின் பெயரையும் நகலெடுங்கள், பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள். எடுத்ததை உறவினருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் பரப்பியவர் பட்டியலில் நீங்களும் சேர்கிறீர்கள். உடல் தெரியும் படம், உடை கலைந்த வீடியோ என்றால் இன்னும் கவனம்: நகல் எடுக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், கைப்பேசியை அப்படியே போலீசிடம் கொண்டு போங்கள்.

ஒரு நோட்டில் தேதி, இடம், நேரம், சொன்ன சொல் அப்படியே, பார்த்தவர் பெயர். ‘என்னைத் திட்டினாங்க’ என்று எழுதினால் பயனில்லை. என்ன சொல் என்று எழுத வேண்டும். ‘கருப்பி’ என்றார்களா, ‘எக்‌ஷன் போடுறா’ என்றார்களா, சாதியைச் சொன்னார்களா, உடம்பைச் சொன்னார்களா. பிறகு மலாயில் ஒரு பக்கக் கடிதம் முதல்வருக்கு. அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது கூடவே போய்விடும். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் மாணவர் விவகாரத் துணை முதல்வரைப் பாருங்கள், அடுத்தது மாவட்டக் கல்வி இலாகா. கல்வி அமைச்சின் பகடிவதைப் புகார் இணையதளமும் இருக்கிறது. காயம் என்றால் முதலில் அரசாங்க மருத்துவமனை, பிறகு போலீஸ் புகார். காயத்தைக் காட்டத் தாமதித்தால் மருத்துவச் சான்றின் பலம் குறையும்.

இனி ஆசிரியர்களுக்கு. மிக அதிகமாக நடக்கும் தவறு, இரண்டு பிள்ளைகளையும் அலுவலகத்தில் எதிரெதிரே நிறுத்தி, கை கொடுக்கச் சொல்லி, ‘இனிமே நல்ல பிள்ளைங்களா இருங்க’ என்று அனுப்புவது. சமமான இருவரின் சண்டைக்கு இது சரிப்படும். ஒரு பக்கம் ஆறு பேர், ஒரு பக்கம் ஒருத்தி என்றால் இது சமாதானமே ஆகாது. வதைத்தவள் கை கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, கழிப்பறையில் அதற்கான விலையை வாங்குவாள். ‘டீச்சர்கிட்ட போட்டுக் குடுத்தா’ என்பது புதுக் குற்றமாகச் சேரும். வதைபட்ட பிள்ளை இனி எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

மாற்றாக, தனித்தனியாக, ஒரே நாளில், ஒரே மூச்சில் கேளுங்கள். வதைபட்டவளை முந்தைய நாளே, யாருக்கும் தெரியாத ஒரு சாக்கில், நூலகத்துக்கோ புத்தகம் எடுக்கவோ கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். மறுநாள் ஓய்வு நேரத்துக்கு முன் மற்றவர்களை ஒவ்வொருத்தியாக, ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். பேசி முடித்தவள் வகுப்புக்குத் திரும்பாமல் வேறோர் ஆசிரியரோடு இருக்க வேண்டும். இடையில் ஓய்வு மணி அடித்துவிட்டால் கேண்டினில் எல்லாரும் ஒரே கதைக்கு வந்துவிடுவார்கள், அன்றைய வேலை வீண். ஆகவே ஆறு பேர் என்றால் இரண்டு ஆசிரியர்கள், இரண்டு அறைகள்.

‘ஏன் செஞ்சே?’ என்று கேட்டால் காரணம் தயாராக இருக்கும்: அவதான் முதல்ல முறைச்சா, அவ என் பாய்பிரண்டுக்கு மெசேஜ் போட்டா. பையன் பெயர் வந்தாலும் அதன் பின்னே ஓடாதீர்கள். பல சண்டைகளில் பையன் ஒரு சாக்கு. குழுவில் தன் இடம் போய்விடுமோ என்ற பயம்தான் உள்ளே கிடக்கும். ‘அவளுக்கு இப்ப பள்ளிக்கூடம் எப்படி இருக்குன்னு நினைக்கிறே?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஒரு நிமிட மௌனத்தைத் தாங்குவது ஆசிரியருக்குத்தான் கடினம். பெரும்பாலும் கூட்டத்தின் ஓரத்தில் இருப்பவள்தான் முதலில் உடைவாள், ‘பாவம்தான்’ என்பாள். உடனே, ‘நாளைக்கு நீ என்ன ஒண்ணு செய்ய முடியும்?’ பதில் சின்னதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். வேனில் பக்கத்து இருக்கையில் பையை வைக்காமல் இருப்பது, புதுக் குழுவிலிருந்து வெளியேறுவது, ஒரு வணக்கம். ‘நல்லா பழகுவேன்’ என்பதை ஏற்காதீர்கள், அதை யாராலும் சரிபார்க்க முடியாது.

ஓரத்தில் இருப்பவர்கள் மீது இவ்வளவு நேரம் செலவிடக் காரணம் உண்டு. கனடாவில் பள்ளித் திடல்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, சக பிள்ளைகள் தலையிட்ட சம்பவங்களில் 57 விழுக்காடு பத்து நொடிக்குள் நின்றுபோயின என்று 2001-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பார்வையாளர்தான் இதற்குத் தீனி. பின்லாந்தின் கிவா என்ற பகடிவதைத் தடுப்புத் திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களை மாற்றுவதை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. இருபது பேர் வேண்டாம். அவளோடு கேண்டினில் உட்கார ஒரே ஒருத்தி போதும், அந்த ஒருத்தியை ஆசிரியர் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுவுக்கு வெளியே தனக்கென்று ஒரு மதிப்பு உள்ளவளாகப் பாருங்கள்: வலைப்பந்து விளையாடுபவள், நன்றாக வரைபவள்.

சண்டை கண்ணெதிரே நடந்தால்: முதலில் கூட்டத்தைக் கலையுங்கள். வேடிக்கை பார்ப்பவர் போய்விட்டால் இருவருக்குமே நிறுத்த ஒரு மரியாதையான வழி கிடைக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நடுவில் நுழையாதீர்கள். முடியைப் பிடித்திருந்தால் பிள்ளைகளை இரு பக்கமும் இழுக்காதீர்கள், வேரோடு வரும். பிடித்திருக்கும் கையை அந்தத் தலையோடு சேர்த்து அழுத்துங்கள். இழுவிசை போய்விடும், விரல் தானாகத் தளரும். தோடு கிழித்து காது மடல் அறுந்திருக்கிறதா பாருங்கள். தலை தரையில் மோதியிருந்தால், பிறகு வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு என்றால் அப்போதே மருத்துவமனை. இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, குறைந்தது அரை மணி நேரம் எதுவும் கேட்காதீர்கள். நடுக்கம் அடங்காத பிள்ளை சொல்லும் வாக்குமூலம் அவளுக்கே எதிராக முடியும்.

தண்டனை பற்றி. 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின்படி பெண்பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க முடியாது. அது நல்லதுதான். ஆனால் அதற்குப் பதில் பள்ளிகள் உடனே இடைநீக்கத்துக்குப் போகின்றன. அம்மா தொழிற்சாலை ஷிப்டில், அப்பா விடியலிலேயே செம்பனைக்குள். பிள்ளை ஒரு வாரம் வீட்டில் கைப்பேசியோடு தனியாக. குழு அந்த ஒரு வாரத்தில்தான் கொதிக்கும். இடைநீக்கம் தவிர்க்க முடியாதென்றால் பாட வேலை, தினம் ஒரு தொலைபேசி அழைப்பு, திரும்பி வரும் நாளில் வகுப்புக்குப் போகுமுன் கவுன்சலிங் டீச்சரோடு அரை மணி என்ற மூன்றையும் சேர்த்தே கொடுங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது, பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். 2024 ஜூலையில் டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி இணைய வசைகளால் நொந்து உயிரை விட்டபோது, வசை பாடிய ஒருவருக்குக் கிடைத்த அபராதம் 100 ரிங்கிட். அந்தக் கொந்தளிப்புக்குப் பிறகு குற்றவியல் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதுப் பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. வேண்டுமென்றே மிரட்டி, இழிவாகப் பேசி ஒருவரை உளைச்சலுக்கு ஆளாக்கினால் மூன்றாண்டுவரை சிறை. இன்னொருவரின் அடையாள விவரத்தைத் தொல்லைக்காகப் பரப்புவதும் குற்றம். அதே ஆண்டு ஆகஸ்டில் சபாவில் 13 வயது மாணவியின் மரணத்துக்குப் பின் ஐந்து பதின்ம வயதுப் பெண்கள் இந்தப் பிரிவுகளின்கீழ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள், குற்றத்தை மறுத்தார்கள். பதினெட்டுக்குக் கீழ் என்றால் சிறார் நீதிமன்றம், நடைமுறை வேறு. ஆனால் ‘சும்மா மெசேஜ்தானே’ என்ற காலம் போய்விட்டது.

வதைப்பவளைப் பற்றியும் பேச வேண்டும், அவளும் நம் பிள்ளைதான். தம்பி தங்கைகளை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்பிவிட்டு, வீட்டில் எல்லாரையும் அதட்டியே வேலை வாங்கிப் பழகியவள் அவளாக இருக்கலாம். டவுனில் தனியாக நடந்தால் பையன்கள் சீண்டும் இடத்தில், ‘அவகிட்ட வம்பு வச்சுக்காத’ என்ற பெயரே அவளுக்குக் கவசமாக இருக்கலாம். அந்தக் கவசத்தைக் கழற்றச் சொல்லுமுன் அவளுக்கு வேறு பாதுகாப்பு என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ‘பொறுப்பு கொடுத்தா திருந்துவா’ என்று அவளை மாணவர் தலைவியாக்குவது அடிக்கடி நடக்கும் தவறு; சிறு பிள்ளைகள் மீது அதிகாரம் கிடைத்தால் பழைய வேலை சட்டபூர்வமாகிவிடும். ஆள்மீது அதிகாரம் இல்லாத பொறுப்பாகக் கொடுங்கள். விளையாட்டுச் சாமான் அறைச் சாவி, விழா மேடையின் ஒலிபெருக்கி, வலைப்பந்து அணியில் ஓர் இடம். தவறினால் அந்த வாரமே பறிபோகும், அடுத்த வாரம் திரும்பக் கிடைக்கும் என்ற தெளிவோடு.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ கையைக் கிழித்துக்கொண்டாலோ பள்ளி விசாரணைக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனை. அரசாங்க உதவி எண்ணான தாலியான் காசே 15999, எந்நேரமும் எடுப்பார்கள். மனம் விட்டுப் பேச பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929.

வதைபட்டவளைத் திரும்பப் பார்க்கும் நாட்களை, விசாரணை முடிந்த மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரத்தில் ஒரு முறை, மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் என்று கவுன்சலிங் டீச்சர் நாட்குறிப்பில் இப்போதே எழுதிவைக்க வேண்டும். மூன்றாம் நாள் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், அதை நம்பிக் கோப்பை மூடக் கூடாது. மூன்றாம் வாரம்தான் பழைய குழு வேறு பெயரில் திரும்பும். நடுவில் பள்ளி விடுமுறை வந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள், விடுமுறையில் அமைதி இருக்கும். திறக்கும் முதல் நாள் காலை வேனில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். ஆறாம் வாரம் அவளிடம் ‘எல்லாம் ஓகேவா?’ என்று கேட்காதீர்கள், ஓகே என்றுதான் சொல்வாள். நேற்று ஓய்வு நேரத்தில் யாரோடு சாப்பிட்டாய், என்ன சாப்பிட்டாய், எந்தக் கழிப்பறைக்குப் போனாய் என்று கேளுங்கள்.